சும்மா கிடந்த எண்பதாயிரம்

மிக்ஸி வாங்கத்தான் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போகும்போது நீங்கள் அதை மறந்துவிடக் கூடும், நானே மறந்துவிட்டேன்.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை, சட்டைப் பையில் 4,500 ரூபாய் ரொக்கத்தை வைத்துக்கொண்டு, மதினியோடு மதுரை வில்லாபுரத்தில் பஸ் ஏறினேன். வீட்டு மிக்ஸி ஒரு மாதமாகக் கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. மேலே சுற்றுகிற பிளேடுக்கும் கீழே ஓடுகிற மோட்டாருக்கும் ஏதோ மனத்தாங்கல். தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டும் பாதி பல்லில் நறநறத்தும் வந்தது. பலகாரத்துக்குள் புது மிக்ஸி வராவிட்டால் அம்மியைக் கழுவி வைக்கிறேன், நீங்களே உட்கார்ந்து அரையுங்கள் என்று உத்தரவாகியிருந்தது.

முதலில் விளக்குத்தூண். தீபாவளி வாரத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் நடப்பதில்லை; கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கு இஷ்டமான கடைமுன் இறக்கிவிடும். ஒலிபெருக்கியில் போலீஸ்காரர் நகை பத்திரம், பிள்ளை பத்திரம் என்று ஓதிக்கொண்டே இருந்தார். தெற்கு மாசி வீதியில் தார்ப்பாய் விரித்திருந்த ஒரு பையனிடம் மதினி ஓர் உள்பாவாடைக்குப் பேரம் தொடங்கினார். அவன் 180 சொன்னான். மதினி 100 என்றார். துணியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார், நாடாவை இழுத்துப் பார்த்தார், விரலை எச்சிலில் நனைத்துச் சாயம் போகிறதா என்று தேய்த்தார். மூன்று தடவை கிளம்பி மூன்று தடவை திரும்பினார். கடைசியில் 125க்கு முடிந்தது. பையன் தோற்ற முகத்துடன் மடித்துக் கொடுத்தான். மதினி முகத்தில் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்த நிறைவு.

ஒரு மணி நேரம் கழித்து பைபாஸ் ரோட்டில், கண்ணாடி முகப்பும் வாழைமரத் தோரணமுமாக நின்ற பெரிய கடையொன்றில், அதே மதினி 34,000 ரூபாய் வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்தார், மூடினார். "மாதம் எவ்வளவு வரும்?" என்றார். அந்த ஒரு கேள்விதான். சாயம் போகுமா என்று யாரும் தேய்த்துப் பார்க்கவில்லை.

கடையின் தரைத்தளத்தில், நியாயமாகப் பார்த்தால் பொருள்கள்தான் கூட்டத்தை இழுக்க வேண்டும். சுவர் முழுக்க டிவிகள் ஒரே கடலையும் ஒரே மீனையும் காட்டிக்கொண்டிருந்தன, பார்க்க ஆளில்லை. கூட்டமெல்லாம் மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்த ஒரு மேஜையைச் சுற்றித்தான். கழுத்தில் அட்டை மாட்டிய நான்கு இளைஞர்கள், ஆளுக்கொரு நிதி நிறுவனம், ஆளுக்கொரு போன். அதுதான் கடன் கொடுக்கும் இடம். ஆதார், பான், கைப்பேசி எண். அவ்வளவு போதும்.

"ஓடிபி சொல்லுங்கள், அக்கா!"

"நாலு... எட்டு... பொறு தம்பி, மறைந்துவிட்டது..."

"நாலு எட்டு இரண்டு, அப்புறம்?"

ஆளாளுக்கு எண்களைக் கத்தினார்கள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை விலை ஏறுகிற நாளில் கேட்கும் சத்தம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அது. யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் வருஷக்கணக்கில் கெஞ்சுகிற எண்ணை, ஐம்பது பேர் நடுவில் குரல் உயர்த்திச் சொன்னார்கள். பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர் தோளுக்கு மேலாக ஆதார் அட்டையை நீட்டினார்கள். ஒரு பெண் இடுப்பில் தூங்குகிற குழந்தையுடன் மேஜை விளிம்பைப் பிடித்தவர் பிடித்த பிடியை விடவில்லை. "நான் அவருக்கு முன்னால் வந்தேன்" என்று இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு முற்றி, கடைக்காரப் பையன் இருவருக்கும் ரோஸ்மில்க் கொடுத்துச் சமாதானப்படுத்தினான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த நாளில் இந்தத் தள்ளுமுள்ளைப் பார்த்திருக்கிறேன். அங்கே பொருள் தீர்ந்துவிடும் என்ற பயம் இருந்தது. இங்கே எது தீரும்? கடன் தீர்ந்துபோகிற சரக்கா?

செக்கானூரணிப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதை நெருங்கியவர், தோளில் பச்சைத் துண்டு, கூடப் பேத்தி. கடன் வாங்குபவர் உயிருள்ள ஆள்தானா என்று சரிபார்க்க, போன் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறது செயலி. பெரியவருக்குக் கண் அறுவை செய்திருக்கிறார்கள் போல. அவர் சிமிட்டியதைப் போன் ஏற்கவில்லை. "அய்யா, நன்றாக மூடித் திறங்கள்" என்றான் பையன். அவர் இறுக மூடி, அப்படியே நின்றார், சாமி கும்பிடுகிறவர் மாதிரி. "திறங்கள் அய்யா!" திறந்தார். போன் மறுத்தது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. அதற்குள் சுற்றி நின்றவர்களெல்லாம் தங்கள் அவசரத்தை மறந்துவிட்டார்கள். "மூடுங்கள் அய்யா... இப்போது திறங்கள்!" என்று மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் சொல்லிக் கொடுத்தது. ஐந்தாவது தடவை திரையில் பச்சை டிக் விழுந்தது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பெரியவர் வெட்கத்தோடு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அய்யாவுக்கு 55,000 இருக்கிறது" என்று அறிவித்தான் பையன்.

பெரியவர் வந்தது ஒரு டேபிள் ஃபேனுக்கு. பேத்தி அவர் காதில் ஏதோ சொன்னாள். போகும்போது ஃபேனுடன் ஒரு ஃப்ரிட்ஜும் வண்டியில் ஏறியது.

அந்த "இருக்கிறது" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். லிமிட் என்பது ஒருவர் எவ்வளவு தூரம் கடன்படலாம் என்று எங்கோ ஒரு கணிப்பொறி போட்ட கோடு. ஆனால் அந்த மேஜையைச் சுற்றி நின்ற யாரும் அதை அப்படிப் பேசவில்லை. "எனக்கு 40,000 இருக்கிறது." "உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது?" "வாங்கியது போக இன்னும் 21,000 மிச்சம் கிடக்கிறது, அதை ஏன் சும்மா விட வேண்டும்?" ஏதோ தாத்தா காலத்தில் பரணில் போட்டு மறந்த பணத்தை இந்தப் பையன்கள் தேடி எடுத்துக் கொடுத்தது போல. மிச்சம் கிடப்பதை விட்டுவிட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? இலையில் சோற்றை மீதம் வைத்தால் அடி விழுந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாமெல்லாம்.

என் முறை வந்தது. நான் மேஜைக்குப் போகவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியும். மதினிக்குத் துணையாகப் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். "அண்ணனுக்கும் பார்த்துவிடலாமே, பார்ப்பதற்குக் காசா பணமா" என்றான் பையன். எண்ணைச் சொன்னேன். கண்ணைச் சிமிட்டினேன், ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது, அதில் ஓர் அற்பப் பெருமை வேறு.

"அண்ணனுக்கு 80,000 இருக்கிறது."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவரின் 55,000, மதினியின் 45,000 எல்லாவற்றையும் தாண்டிய தொகை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவில்கூட யாரும் என்னை அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. அப்போதுதான் அந்தச் சுவரில் இருந்த கடலும் மீனும் என் கண்ணில் பட்டன.

அடுத்த நாற்பது நிமிடம் விவரிக்க ஒன்றுமில்லை. 43 அங்குல டிவி. 42,000 ரூபாய். "வட்டி பூஜ்ஜியம் அண்ணே, பன்னிரண்டு தவணை, மூன்று முன்னால்." செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருந்தது, இப்போது வாங்காதவன் முட்டாள் என்று விற்பனையாளர் சொல்லவில்லை, அவர் பார்வை சொன்னது. பக்கத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் அதே டிவிக்கு, "ரொக்கம் தருகிறேன், முடிவாகச் சொல்லு" என்று கேட்டதும், விற்பனையாளர் 39,000 என்று தணிந்த குரலில் சொன்னதும் என் காதில் விழத்தான் செய்தன. காதில் விழுந்தது. மனத்துக்குப் போகவில்லை.

இரவு பத்தரைக்கு வீடு திரும்பியபோது 4,500 ரூபாய் சட்டைப் பையில் அப்படியே இருந்தது. மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்: "மிக்ஸி எங்கே?"

*

இதைப் பேராசை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எங்கள் ஊர் பட்டிமன்றங்களில் அந்த அணிக்குத்தான் கைதட்டல் அதிகம். அந்தக் காலத்தில் வரவுக்குள் செலவு செய்தார்கள், இந்தக் காலத்தில் கடனில் கூத்தடிக்கிறார்கள் என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தவணையில் வாங்கிய ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். எனக்கு அந்த அந்தக்காலம் தெரியும். நான் பிறந்தது ஹார்விபட்டியில், மில் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா மதுரை மில்லில் வேலை பார்த்தார். வரவுக்குள் செலவு செய்த ஒருவரையும் நான் அங்கே பார்த்ததில்லை.

மளிகை அண்ணாச்சி கடையில் பற்று. நீளவாக்கில் மடித்துத் தைத்த குறுகலான நோட்டு ஒன்று எங்களிடம், அதன் இரட்டை ஒன்று கல்லாவுக்குப் பின்னால் ஆணியில். கல்லாவுக்கு மேலே "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று ஒரு பலகை. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அண்ணாச்சி தெருவுக்கே கடன் எழுதினார். அம்மா என்னைத்தான் அனுப்புவார். பருப்பு, எண்ணெய், வெல்லம் என்று நான் ஒப்பிப்பேன். மற்றவர்களுக்கெல்லாம் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் என் நோட்டை வாங்குவார். பக்கத்தைப் புரட்டுவார். புரட்டிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். அந்த ஒரு நிமிடம்தான். திட்ட மாட்டார், முறைக்கவும் மாட்டார். பென்சிலைக் காதிலிருந்து எடுக்கிறாரா இல்லையா என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எடுத்தால் பருப்பு உண்டு. எடுக்காவிட்டால், "அப்பாவை ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்லு, தம்பி." பின்னால் நிற்கும் பெண்டுகள் கேட்காதது போல் மேலே பார்ப்பார்கள்.

சேலைக்கும் பாத்திரத்துக்கும் தவணைக்காரர். சைக்கிள் கேரியரில் மூட்டை, சட்டைப் பையில் கட்டம் போட்ட அட்டை. வாரம் பத்து ரூபாய். வந்தால் திண்ணையில் உட்காருவார், தண்ணீர் கேட்பார், அப்பத்தாவின் மூட்டுவலியை விசாரிப்பார். பணம் இல்லாத வாரம் அம்மா கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வார். நான் வாசலில் நின்று, "அம்மா இல்லை" என்பேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அம்மா வந்தால் சொல்லு, அடுத்த வாரம் இரண்டு கட்டம்" என்று கொல்லைக்கும் கேட்கும் குரலில் சொல்லிவிட்டுப் போவார். தாத்தா காலத்தில் இதற்கும் மேல்; சம்பள நாளில் மில் வாசலில், வட்டிக்கு விட்ட ஈட்டிக்காரர்கள் காத்து நிற்பார்களாம். கவர் கைக்கு வருமுன்னே வட்டி போய்விடும்.

ஆக, கடன் எங்களுக்குப் புதிதில்லை. அதற்கு வட்டியோடு சேர்த்து இன்னொன்றும் கட்டினோம்: கூச்சம். கேட்கும்போது ஒரு தடவை, தாமதமானால் ஒவ்வொரு தடவையும். தலையைக் குனிந்து, காலால் மண்ணைக் கிளறி, பிள்ளையை முன்னால் அனுப்பி. அண்ணாச்சியின் அந்த ஒரு நிமிட மௌனத்துக்கு எந்த ரசீதிலும் கணக்கில்லை.

பைபாஸ் ரோட்டு மேஜையில் அது கேட்கப்படவில்லை. செக்கானூரணிப் பெரியவர் தன் வாழ்நாளில் கடன் கேட்கப் போன இடத்திலெல்லாம் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்திருப்பார். இங்கே துண்டு தோளிலேயே இருந்தது. கண்ணை மூடித் திறந்தார், ஊரே கை தட்டியது, உங்களிடம் 55,000 இருக்கிறது என்றார்கள். எனக்கு அன்று மண்டைக்குள் ஏறியதும் டிவி ஆசை இல்லை என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வீட்டின் முதல் கலர் டிவி 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலம்; அதிலேயே நிம்மதியாக நாடகம் பார்த்த குடும்பம்தான். என்னை அன்று தள்ளியது அந்தப் பையன் அறிவித்த எண். காதிலிருந்து பென்சிலை எடுக்க அண்ணாச்சி யோசித்த எல்லா நிமிடங்களுக்கும் சேர்த்து யாரோ பதில் சொன்ன மாதிரி இருந்தது.

*

மனைவி எங்கள் தெரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். குழு வட்டியை வருஷ சதவீதத்தில் அவர்கள் பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலை, அதிரச மாவு பதமாகிற இடைவெளியில், டிவி ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

ரொக்கத்துக்கு 39,000 என்றவன் நமக்கு 42,000 போட்டிருக்கிறான். பன்னிரண்டு தவணையில் மூன்றை அன்றே வாங்கிக்கொண்டான், 10,500. செயலாக்கக் கட்டணம் என்று 1,000. ஆக அன்றைக்குக் கையை விட்டுப் போனது 11,500. ரொக்க விலைக்குக் குறைந்தது 27,500. அவன் உண்மையில் கொடுத்த கடன் அவ்வளவுதான். அதற்கு ஒன்பது மாதம் 3,500 வீதம் 31,500 கட்ட வேண்டும். கூடுதல் 4,000. கடனோ மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது.

பென்சிலை ரசீதின் மேல் வைத்தாள். "இது கிட்டத்தட்ட மூன்று வட்டி. நாங்கள் குழுவில் இதைவிடக் குறைவுக்குக் கொடுக்கிறோம். என்னிடம் கேட்டிருக்கலாம்."

பிறகு நானும் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். மாதம் 2.8 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட வந்தது. ஆண்டுக்கு 33 சதவீதத்தைத் தாண்டுகிறது. கடை வாசலில் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே ஆளுயரத்துக்கு எழுதியிருந்த பூஜ்ஜியம் அதுதான். கடன் அட்டைகளில் இந்தப் பூஜ்ஜியம் புழங்கியபோதே, 2013 செப்டம்பரில், பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை எழுதியது. அதன்பின் பூஜ்ஜியம் பெயரை மாற்றிக்கொண்டது. செலவில்லாத் தவணை என்றது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன் எதுவானாலும், மொத்தச் செலவை ஆண்டு விகிதமாகக் காட்டும் விவரத்தாள் கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. எனக்கும் ஒன்று வந்திருந்தது, கைப்பேசிக்கு, அந்தச் சந்தடியில். நான் சம்மதம் என்று தொட்ட எட்டோ பத்தோ இடங்களில் அது எதுவென்று இப்போதும் தெரியாது. தள்ளுபடியை விட்டுக்கொடுத்ததும் வட்டிதான் என்று எந்தத் தாளும் சொல்லாது. அதை மனைவிதான் சொன்னாள்.

மதுரைப் பெண்களுக்கு இந்தக் கணக்கு வராததல்ல. கந்து வட்டியிலிருந்து மீள, வாரம் சில ரூபாய் சேர்த்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் களஞ்சியம் குழுக்கள் வேர்விட்ட மண் இது. அதில் முன்னின்ற கூலித் தொழிலாளி சின்னப்பிள்ளைக்கு 2001இல் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. அப்படியானால் குழுக் கணக்கு எழுதுகிறவர்கள் நிறைந்த ஊரில் அந்த மேஜையைச் சுற்றி ஏன் அத்தனை கூட்டம்? என் மனைவியின் குழுவிலேயே இருக்கும் மதினி ஏன் அங்கே நின்றார்? கேட்டேன். "குழுவில் கேட்டால் எதற்கு என்பார்கள். வாஷிங் மெஷினுக்கு என்றால், கை என்ன ஆயிற்று என்று ஒருத்தி கேட்பாள்" என்றார் மதினி.

அந்தக் கேள்விக்கு மதினியிடம் பதில் இருக்கிறது. ஐந்து பேர் துணி, முதுகுத்தண்டில் வலி, காலை ஏழரைக்கு வேலைக்குப் போக வேண்டும். ஆனால் பதில் சொல்லும் நிலையில் நிற்கவே அவருக்கு விருப்பமில்லை. வருமானம் தரும் பொருளுக்கு வாங்குவது நல்ல கடன், வசதிக்கு வாங்குவது கெட்ட கடன் என்று பாடம் எடுப்பவர்கள் உண்டு. தவணை வியாபாரத்தைப் பிரபலப்படுத்தியதே தையல் இயந்திரம்தான். 1850களில் அமெரிக்காவில் சிங்கர் நிறுவனம் அப்படித்தான் விற்றது. மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களை நினைத்தால் அந்தப் பாடம் சரியாகத்தான் தெரிகிறது: மெஷின் தைத்தது, தைத்த கூலி தவணையைக் கட்டியிருக்கும். ஆனால் மதினியின் முதுகுக்கு யார் கூலி போட்டுத் தந்தார்கள், கழித்துப் பார்க்க?

*

தீபாவளி முடிந்து ஒரு நாள், அந்த மேஜைப் பையனைக் காளவாசல் டீக்கடையில் பார்த்தேன். உசிலம்பட்டிப் பக்கம், பட்டப்படிப்பு முடித்தவன். அவர்கள் பேச்சில் ஒவ்வொரு கடனும் ஒரு கேஸ். "அன்றைக்கு மட்டும் 31 கேஸ் அண்ணே" என்றான், ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி. இலக்கு உண்டு, எட்டினால் ஊக்கத்தொகை உண்டு. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்னும் தாராளமாகப் போய்க்கொண்டிருந்ததாம், இப்போது வடிகட்டுகிறார்களாம். உண்மைதான். 2023 நவம்பரில், அடமானமில்லாத நுகர்வோர் கடன் மளமளவென்று ஏறுவதைப் பார்த்து, அதற்கு ஒதுக்க வேண்டிய மூலதனத்துக்கான இடர் எடையை 100 சதவீதத்திலிருந்து 125 ஆக ரிசர்வ் வங்கி உயர்த்தியது; அதாவது, அதே கடனைக் கொடுக்க முன்பைவிட அதிக மூலதனம் ஒதுக்க வேண்டும். மும்பையில் இழுத்த கடிவாளம் காளவாசல் வரை தெரிந்திருக்கிறது.

"லிமிட் வராதவர்கள் என்ன செய்வார்கள்?"

"வேறு பெயரில் வருவார்கள் அண்ணே" என்றான். அவன் கையிலிருந்த போனும் தவணைதான், வெளியே நின்ற பைக்கும் தவணைதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். டீக்கு அவனே காசு கொடுத்தான்.

வேறு பெயர் என்பது என்னவென்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் அந்த வேறு பெயர் நான்தான். எதிர்வீட்டு அக்காவுக்கு லிமிட் வரவில்லை. கணவர் கொத்தனார், வங்கிக் கணக்கில் பணம் தங்காது. "தம்பி, உன் பெயரில் எடுத்துக் கொடு, மாதம் பிறந்தால் கையில் கொடுத்துவிடுகிறேன்" என்றார். கொடுத்தேன். மாதத் தவணை 1,850. ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி நூறு ரூபாய்த் தாள்களாக மடித்து, என் மனைவியிடம் கொடுக்க மாட்டார், என்னிடமே கொடுக்க வேண்டும் என்று நான் வரும்வரை வாசலில் நிற்பார். எட்டாவது மாதம் சாரத்திலிருந்து விழுந்து கணவருக்குக் கால் முறிந்தது. அந்த மாதம் என் கணக்கில் இருந்தது 1,790. அறுபது ரூபாய் குறைவு. வங்கி அதற்கு 500 அபராதமும் ஜிஎஸ்டி 90 ரூபாயும் எடுத்தது. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு இன்னொரு 500.

அப்புறம் போன். காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்தப் பெண் சரியாக எட்டு ஐந்துக்கு அழைத்தாள். எழுதிக் கொடுத்ததைப் படித்தாள். கால் முறிந்தது பற்றிச் சொன்னேன். "எப்போது கட்டுவீர்கள் சார்?" என்றாள். இது எனக்காக வாங்கிய கடன் இல்லை என்றேன். "எப்போது கட்டுவீர்கள் சார்?" தவணைக்காரராக இருந்தால் உள்ளே வந்து காலைப் பார்த்திருப்பார், ஒரு வாரம் விட்டிருப்பார், அடுத்த வாரம் இரண்டு கட்டம் என்றிருப்பார். எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்கள். புழுக்கையின் சிபில் மதிப்பெண்ணும் அந்த வருஷம் இறங்கியது.

ஆனால் இதில் எனக்கு உறுத்துவது மதிப்பெண் இல்லை. அந்த அக்கா பிறகு எல்லாவற்றையும் கட்டிவிட்டார். அபராதத்தை நான் சொல்லவே இல்லை. கட்டி முடிக்கும்வரை அவர் என்னை நேராகப் பார்த்துப் பேசவில்லை. குழாயடியில் என் மனைவியைக் கண்டால் குடத்தை நிரப்பாமலே நகர்ந்துவிடுவார். மேஜைக்காரர்கள் வாங்காமல் விட்ட கூச்சத்தை, அவர்கள் பெயரில் நான் வசூலித்திருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில், மாதாமாதம் மூன்றாம் தேதி, அண்ணாச்சி உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

*

மிக்ஸியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முதல்நாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு சிம்மக்கல்லில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடை என்றால் ஓர் ஆள் உட்காரும் அகலம். சுவரெல்லாம் ஜார்கள் தலைகீழாகத் தொங்கின. கடைக்காரர் ஜாரைக் கவிழ்த்து அடியில் ஒரு கறுப்பு ரப்பர்ச் சில்லைத் திருகிக் கழற்றினார். பல்லெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்றிருந்தது. "இதுதான் அண்ணே, கப்ளர். மோட்டாருக்கு ஒன்றுமில்லை. இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். புதியதை மாட்டினார், தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினார். சத்தமில்லை. 80 ரூபாய். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். அவரிடம் சில்லறை இல்லை. என் போனில் சார்ஜ் இல்லை. "பரவாயில்லை அண்ணே, இந்தப் பக்கம் வரும்போது கொடுங்கள்." என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நோட்டு, பென்சில் எதுவும் இல்லை. அடுத்த ஜாரைக் கவிழ்த்துவிட்டார்.

31,500 ரூபாய் கடனோடு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். இந்த 80 ரூபாய்தான் பாடாய்ப் படுத்தியது. திங்கட்கிழமை தீபாவளி, கடை இருக்காது. புதன்கிழமை அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன், இறங்க நேரமில்லை. அப்புறம் ஒரு நாள் சில்லறை இல்லை. ஒரு வாரம் தாண்டியதும், இத்தனை நாள் கழித்து எப்படிப் போவது என்று வந்துவிட்டது. சிம்மக்கல்லில் வேலையிருந்த ஒரு நாள் அங்கே இறங்காமல் யானைக்கல்லில் இறங்கி, சந்து வழியாகச் சுற்றிப் போனேன். நாற்பத்தெட்டு வயது ஆள், ஒரு மிக்ஸிக் கடைக்காரர் கண்ணில் படாமல், சுவரோரமாக.

நேற்றுத்தான் போனேன். எண்பதைச் சரியாக எண்ணி, மடித்து வைத்திருந்தேன். தாமதத்துக்கு ஒரு காரணமும் தயாராக இருந்தது. அவர் ஏதோ ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கையை நீட்டி வாங்கினார். பிறகு பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்த எண்பது அண்ணே?" என்றார்.